சம்ப் மோட்டாரும் ஃப்ளோட் சுவிட்சும் மாற்றப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

தரைக்கடியில் சம்ப், மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, நடுவில் அரை எச்பி அல்லது ஒரு எச்பி மோட்டார். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனி வீடுகளுக்கு இதுதான் ஏற்பாடு. தண்ணீர் மட்டத்துக்குத் தகுந்தபடி அந்த மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் மிதவைதான் ஃப்ளோட் சுவிட்ச். இந்தக் கட்டுரை அந்த வீடுகளுக்கானது. போர்வெல் சப்மெர்சிபிளும் அடுக்குமாடிப் பிரஷர் பம்பும் வேறு கதை, இங்கே வராது.

முதல் தடவை மோட்டார் மாற்றுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பழையது எதனால் போனது என்று பார்க்காமல் புதுசை வாங்கி அதே பைப்பில் மாட்டிவிடுகிறார்கள். சம்பில் தண்ணீர் இல்லாமல் ஓடிக் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) கருகிய மோட்டார் என்றால், புதுசும் அப்படியே போகும். வாரண்டியும் கைகொடுக்காது.

1. பழைய மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா?

செலவு செய்யும் முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

"ம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை: உடனே ஆஃப் செய்யுங்கள். அப்படியே விட்டால் காயில் சூடாகிக் கருகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க ஃபேன் மூடியைப் பாருங்கள். பல மாடல்களில் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், உள்ளே ஷாஃப்ட் முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. அதில் வைத்துத் திருப்புங்கள். சிறிய செல்ஃப் பிரைமிங் மோட்டார்களில் (ஒருமுறை தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அப்புறம் தானே உறிஞ்சும் வகை) தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் பாடிக்கும் இடைவெளி தாள் கனம்தான் இருக்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டாலே துரு பிடித்து ஜாம் ஆகிவிடும். திருப்பியதும் விடுபட்டு ஓடினால் புது மோட்டார் வேண்டாம்.

கையால் எளிதாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் மட்டும் உறுமுகிறது என்றால், மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. பழையதில் எத்தனை மைக்ரோ ஃபாரட், எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கழற்றும்போது அதன் இரண்டு முனைகளையும் கையால் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும்.

ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: பிரைமிங் பிளக் (மோட்டாரில் தண்ணீர் ஊற்றி நிரப்பும் வாயின் மூடி) வழியாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். கொஞ்சம் வந்து நின்றுபோனால் சக்‌ஷன் பக்கம் (சம்பிலிருந்து உறிஞ்சும் பைப்) காற்று இழுக்கிறது, அல்லது ஃபுட் வால்வு (அந்தப் பைப்பின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) பிடிக்கவில்லை. மோட்டாரில் குறை இல்லை. தண்ணீர் வருகிறது, ஆனால் முக்கால் மணி நேரத்தில் நிறைந்த தொட்டிக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. சம்ப் மணலும் சேறும் செய்யும் வேலை இது.

கருகிய வாடை, ஆன் செய்ததும் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது: காயில் போயிருக்கும். காயில் கட்ட ஆகும் கூலியையும் புது மோட்டார் விலையையும் ஒப்பிடுங்கள். அரை எச்பிக்குப் பாதி விலை வரை வந்துவிடும். பாடியும் துருவேறி, இம்பெல்லரும் தேய்ந்திருந்தால் காயில் கட்டுவது வீண் செலவு. வாங்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது, ஒரு எச்பிக்கு மேல் என்றால் கட்டலாம்.

2. எத்தனை எச்பி என்று கேட்காதீர்கள், எத்தனை மீட்டர் ஹெட் என்று கேளுங்கள்

ஹெட் என்றால் மோட்டார் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம். சம்பில் ஃபுட் வால்வு இருக்கும் இடத்திலிருந்து மேல் தொட்டியில் தண்ணீர் விழும் இடம் வரை நேர் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக, சம்ப் ஆழம் 2.5 மீட்டர், தரையிலிருந்து மாடித்தளம் 6.5 மீட்டர், அதன்மேல் படிக்கட்டு அறை 2.5 மீட்டர், தொட்டி உயரம் 1.5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர். பெண்டுகளுக்கும் பைப் உராய்வுக்கும் இருபது சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 16 மீட்டர்.

நேம் பிளேட்டில் "6 முதல் 24 மீட்டர்" என்பது போல ஒரு வரம்பு இருக்கும். உங்கள் கணக்கு அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் அதிகபட்ச ஹெட்டை நம்பி வாங்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சொட்டுக்கூட வராது.

சம்ப் மேலே, ஓரமாக வைக்க அரை எச்பி செல்ஃப் பிரைமிங் போதும் என்பது தரைத்தளம், ஒரு மாடி வீடுகளுக்குச் சரி. இரண்டு மாடிக்கு மேல், அல்லது தொட்டி சீக்கிரம் நிறைய வேண்டும் என்றால் ஒரு எச்பி. சம்பில் எப்போதும் நல்ல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், வெளியே மோட்டார் வைக்க இடமில்லை, சத்தம் ஆகாது என்றால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பார்க்கலாம். பிரைமிங், ஃபுட் வால்வு, காற்று இழுப்பது என்ற தொல்லையெல்லாம் அதோடு போகும். விலை கூடுதல், பழுது பார்க்க ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டும். தூக்குவது நைலான் கயிற்றில்தான். கேபிளைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று வரும்.

3. கடையில் பார்க்க வேண்டியவை, வாங்க வேண்டிய காகிதங்கள்

பழைய மோட்டாரின் நேம் பிளேட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எச்பி, ஹெட், பைப் சைஸ், கெபாசிட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கிறது. பைப் சைஸ் மாறினால் ரெடியூசர் (சைஸ் மாற்றும் இணைப்பு), புது யூனியன் (பைப்பைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு) என்று வேலை இழுக்கும். சக்‌ஷன் பக்கம் மட்டும் மோட்டார் வாயைவிடச் சிறிய பைப் எக்காரணம் கொண்டும் கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். செல்ஃப் பிரைமிங் ரீஜெனரேட்டிவ் வகைக்கு ஐ.எஸ். 8472, சாதாரண மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079, ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். "காப்பர் வைண்டிங்" என்பது பெட்டியிலோ பில்லிலோ எழுத்தில் இருக்கட்டும். சந்தேகத்துக்கிடமான மலிவு விலை என்றால் உள்ளே அலுமினியம் இருக்கலாம்.

அடுத்தது பலரும் கவனிக்காத பொறி. பல நிறுவனங்களின் வாரண்டி "பில் தேதியிலிருந்து 12 மாதம் அல்லது தயாரித்த தேதியிலிருந்து 18 மாதம், எது முந்துகிறதோ அது" என்று இருக்கும். கடையில் ஒரு வருடம் தூசியேறிக் கிடந்த மோட்டாரை வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஆறு மாதம்தான். தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை, தேதி வேண்டும். இரண்டையும் அன்றே படம் எடுத்துவிடுங்கள், பில் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும். வாடகை வீடு என்றால் வாங்குவதற்கு முன்பே வீட்டு உரிமையாளருக்குத் தொகையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு "சரி" வாங்கிவையுங்கள். பில்லும் அவர் பெயரிலேயே இருந்தால் பின்னால் பேச்சு வராது.

விலை ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்தபடி மாறும். தோராயமாக அரை எச்பி 3,000 முதல் 5,000 ரூபாய், ஒரு எச்பி 5,000 முதல் 8,000, ஓப்பன்வெல் ஒரு எச்பி 9,000க்கு மேல். ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று 300 முதல் 700. காண்டாக்டர் பெட்டி (சிறிய கரண்ட்டால் இயங்கி மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பெரிய சுவிட்ச்) 1,500 முதல் 2,500. ஃபுட் வால்வு, யூனியன், டேப் எல்லாம் சேர்த்து ஆயிரம். பிளம்பர், எலக்ட்ரீஷியன் கூலி இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம் வரை. அரை எச்பியோடு இரண்டு ஃப்ளோட்டும் சேர்த்து மாற்றப் எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை எடுத்துவையுங்கள்.

4. ஃப்ளோட் சுவிட்ச்: இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது

இரண்டு ஃப்ளோட் வேண்டும். மேல் தொட்டியில் ஒன்று, நிறைந்ததும் நிறுத்த. சம்பில் ஒன்று, தண்ணீர் தீர்ந்தால் நிறுத்த. செலவை மிச்சப்படுத்த மேலே மட்டும் போடுகிறார்கள். தொட்டி வழிந்தால் வீணாவது தண்ணீர், சம்ப் காய்ந்தால் போவது மோட்டார். ஒன்றுதான் போட முடியும் என்றால் சம்பில் போடுங்கள்.

கேபிள் ஃப்ளோட்டில் மூன்று வயர் வரும். ஒன்று காமன், மற்ற இரண்டில் ஒன்று ஃப்ளோட் மேலே மிதக்கும்போது சேரும், இன்னொன்று கீழே தொங்கும்போது சேரும். நிறம் பிராண்டுக்குப் பிராண்டு மாறுவதால் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஃப்ளோட்டைக் கையில் நிமிர்த்தியும் கவிழ்த்தும் எந்த ஜோடி எப்போது சேர்கிறது என்று பாருங்கள். சம்புக்கு: ஃப்ளோட் மேலே மிதக்கும்போது சேரும் ஜோடி. மேல் தொட்டிக்கு: ஃப்ளோட் கீழே தொங்கும்போது சேரும் ஜோடி. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் வர வேண்டும். சம்பில் தண்ணீர் இருந்து, மேலே தொட்டி குறைந்திருந்தால் மட்டும் மோட்டார் ஓடும்.

மீதமிருக்கும் மூன்றாவது வயரை அப்படியே தொங்கவிடாதீர்கள். ஃப்ளோட் புரளும்போது அதில் கரண்ட் வரும். நுனியில் தனியாக கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, ஜங்ஷன் பெட்டிக்குள் அடக்குங்கள்.

அடுத்து ஆம்ப் கணக்கு. ஃப்ளோட் மேல் "16(4) ஆம்ப்" என்பது போல அச்சிட்டிருக்கும். பதினாறைப் பார்த்து "மோட்டார் ஏழு ஆம்ப்தானே" என்று நேரே இணைத்துவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் நாலுதான் மோட்டார் போன்ற சுமைக்கான அளவு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். கொஞ்ச மாதத்தில் உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஃப்ளோட் எங்கே மிதந்தாலும் மோட்டார் நிற்காது. எனவே ஃப்ளோட்டுகள் ஒரு காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டார் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போகட்டும். ஒரு எச்பிக்கு இது கட்டாயம். அரை எச்பிக்கும் போட்டுவிடுவதே நல்லது. தண்ணீருக்குள் 230 வோல்ட்டே வேண்டாம் என்று நினைப்பவர்கள் 12 வோல்ட்டில் ஃப்ளோட்டை இயக்கும் கன்ட்ரோலர் வாங்கலாம். அதுதான் பாதுகாப்பானது. குடிக்கும், சமைக்கும் தண்ணீர் என்பதால் பாதரசம் உள்ள ஃப்ளோட் வேண்டாம், மைக்ரோ சுவிட்ச் வகை கேட்டு வாங்குங்கள்.

மட்டம் வைப்பது: கேபிளில் ஒரு எடைக்குண்டு வரும். குண்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையே விடும் கேபிள் நீளம்தான் ஆன், ஆஃப் மட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. மேல் தொட்டியில் 25 முதல் 30 செ.மீ. விடுங்கள். ஒரு சாண் கூட இல்லாமல் சுருக்கினால் ஒருவர் குளித்து முடிப்பதற்குள் மோட்டார் ஓடி ஓடி நிற்கும். ஆஃப் மட்டம் வழிந்தோடும் பைப்புக்குப் பத்து செ.மீ. கீழே அமைய வேண்டும். சம்பில் ஆஃப் மட்டம் ஃபுட் வால்வுக்குக் குறைந்தது 30 செ.மீ. மேலே. அதற்குக் கீழே போனால் சுழி விழுந்து காற்று உள்ளே போகும்.

தண்ணீர் விழும் பைப்புக்குக் கீழே ஃப்ளோட்டைத் தொங்கவிட்டால் அலையில் ஆடி காண்டாக்டர் "டக் டக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்புறச் சுவர் ஓரம் வையுங்கள். ஃபுட் வால்வு பைப்பில் கேபிள் சுற்றாதபடி கிளாம்ப் போடுங்கள். தொட்டிக்குள் ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம். வெளியே வரும் நீளத்துக்குக் கேபிள் உள்ள ஃப்ளோட்டாக, ஐந்து மீட்டரோ பத்து மீட்டரோ, பார்த்து வாங்குங்கள்.

5. வேலை நாளுக்கு முந்தைய ஏற்பாடு

மோட்டார் கொஞ்சமாவது ஓடும் நிலையில் இருந்தால் முந்தின நாள் இரவே மேல் தொட்டியை நிரப்பிவிடுங்கள். ஓடாவிட்டால் இரண்டு டிரம் பிடித்துவையுங்கள். சாமான் எல்லாம் முந்தின நாளே வீட்டில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்து ஒரு யூனியனுக்காகக் கடை தேடி அலைவது பெரிய கொடுமை. காலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் முடியும்.

எந்தச் சாமான் சம்புக்குள் விழுந்தாலும் யாரும் உள்ளே இறங்காதீர்கள். மூடியே கிடக்கும் சம்பில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் மயங்கி, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மூடியைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். ஃபுட் வால்வை பைப்போடு மேலே இழுத்து வெளியே வைத்து மாற்றலாம், விழுந்த ஸ்பானரைக் கயிற்றில் காந்தம் கட்டி எடுக்கலாம். சம்ப் கழுவ வேண்டும் என்றால் காற்று ஊதும் கருவியோடு வரும் ஆட்களிடம் விடுங்கள். மோட்டாரும் ஃப்ளோட்டும் கரண்டில் இருக்கும்போது சம்ப் தண்ணீரில் கை வைப்பதும் கூடாது.

6. கழற்றிப் பொருத்துதல்

மெயின் எம்.சி.பி. ஆஃப், பிளக் வெளியே, டெஸ்டரால் சரிபார்ப்பு. டெலிவரி (மேல் தொட்டிக்குத் தண்ணீர் போகும்) பக்கத்து கேட் வால்வை மூடுங்கள், இல்லையென்றால் மேலே பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுக்க உங்கள் மேல் கொட்டும். இரண்டு யூனியனையும் கழற்றி மோட்டாரைத் தூக்குங்கள். யூனியனே இல்லாமல் ஒட்டியிருந்தால் பைப்பை அறுத்து இந்த முறையாவது இரு பக்கமும் யூனியன் போடுங்கள்.

ஃபுட் வால்வை இப்போதே மாற்றுங்கள். பழையது நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும். சம்பின் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி பைப்பை வெட்டுங்கள், சேறு ஏறாது.

சக்‌ஷன் பைப் மோட்டாரை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது மேடு தட்டினால் அங்கே காற்று தங்கும். திரெட்டில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கி, ஸ்பானரில் ஒன்று ஒன்றரைச் சுற்று போதும். பலம் காட்டினால் மயிரிழை விரிசல் விழும். டெலிவரி பக்கம் விரிசல் இருந்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். சக்‌ஷன் பக்கம் எதுவும் தெரியாது, காற்று மட்டும் போகும். யூனியனுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

புதிதாக ஒட்டிய ஜாயிண்ட் இருந்தால் சால்வென்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை பிரஷர் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் வயரிங் முடித்துவிடலாம். மோட்டாரைக் கீழே ரப்பர் ஷீட் வைத்து போல்ட் அடியுங்கள், மேலே மழை படாத மறைப்பு இருக்கட்டும், ஃபேன் பக்கம் மட்டும் காற்று போக இடம் விடுங்கள்.

7. வயரிங்

இதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் என்ன போடுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை எச்பிக்கு 1.5 சதுர மி.மீ., ஒரு எச்பிக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர். எம்.சி.பி. 'சி' வகை, அரை எச்பிக்கு 10 ஆம்ப், ஒரு எச்பிக்கு 16 ஆம்ப். 'பி' வகை போட்டால் கிளம்பும்போதே விழக்கூடும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் மோட்டார் லைனுக்காவது போட்டுவிடுங்கள். எர்த் வயர் உண்மையில் எர்த் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் வயர் பெட்டிவரை வந்து அங்கேயே முடிந்திருக்கும். மோட்டார் லைன் இன்வெர்ட்டரில் வரக்கூடாது.

ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் வைப்பதாக இருந்தால் மேனுவலில் மேல் தொட்டி ஃப்ளோட்டை மட்டும் தாண்டும்படி சொல்லுங்கள். சம்ப் ஃப்ளோட் இரண்டு நிலையிலும் தொடரில் இருக்க வேண்டும். இதை எடுத்துச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தாண்டிவிடுவார்கள், மேனுவலில் மறந்துவிட்ட ஒரு மதியத்தில் மோட்டார் கருகும்.

8. பிரைமிங், முதல் ஓட்டம்

பிரைமிங் பிளக்கைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், குமிழி நின்று விளிம்புவரை நிறைய வேண்டும். பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு அல்லது ஜாயிண்ட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் ஆன் செய்யாதீர்கள்.

கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பாதி மூடிவைத்தால் மோட்டாருக்குச் சுமை குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சிறிய செல்ஃப் பிரைமிங் ரீஜெனரேட்டிவ் மோட்டார்களில் நேர் எதிர்: எதிர்ப்பு கூடக்கூட கரண்ட் ஏறும், மூடிய வால்வோடு ஓடினால் காயில்தான் பலி.

ஆன் செய்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மேலே தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் நிறுத்தி மறுபடி பிரைம் செய்யுங்கள். கிளாம்ப் மீட்டரில் ஓடும் கரண்ட்டை அளந்து நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள், கூடுதலாக இருந்தால் அன்றே கடைக்குச் சொல்லுங்கள். ஓடும்போது மோட்டார் முனையில் வோல்டேஜும் பாருங்கள். நேம் பிளேட்டில் உள்ள குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் வயர் மெல்லியது, அல்லது தெரு சப்ளையே குறைவு.

பிறகு ஃப்ளோட் சோதனை. மேல் தொட்டி ஃப்ளோட்டை ஒரு காய்ந்த மரக்குச்சியால் தூக்குங்கள், மோட்டார் நிற்க வேண்டும். சம்ப் ஃப்ளோட்டை அதன் கேபிளைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே இழுத்துப் பாருங்கள், அப்போதும் நிற்க வேண்டும். கடைசியாகக் காலித் தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆனது என்று சுவிட்ச் பெட்டிக்குள் மார்க்கரால் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த வருடம் மோட்டார் தேய்கிறதா என்று சொல்ல அந்த எண் போதும். ஊருக்குப் போய்த் திரும்பினால், ஆட்டோவில் விட்டிருந்தாலும், முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஷாஃப்ட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

9. வாரண்டி, பழைய மோட்டார்

வாரண்டி காலத்தில் நீங்களாகவோ தெரு மெக்கானிக்கோ திறந்துவிட்டால் கதை முடிந்தது. நிறுவன சர்வீசுக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தண்ணீரில்லாமல் ஓடியது, வோல்டேஜ் குறைவு ஆகிய காரணங்களால் கருகிய காயிலுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. காயிலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய மோட்டாரைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் பழைய இரும்புக் கடையிலும் விலை கேளுங்கள். காப்பர் காயில் உள்ள மோட்டாருக்கு எடைக்கணக்கில் நல்ல விலை கிடைக்கும், இரும்பு விலை சொன்னால் கொடுக்காதீர்கள். பிளம்பர் "நானே எடுத்துக்கிறேன் சார்" என்று சொன்னால் கூலியில் எவ்வளவு குறைப்பார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.